மேசைமேல் வாட்டர்லூ

சிப்பாயின் உயரம் 28 மில்லிமீட்டர். சட்டைக்குச் சிவப்பு, காற்சட்டைக்குச் சாம்பல், மார்பின் குறுக்கே போகும் பட்டைக்கு வெள்ளை, பொத்தானுக்கு ஊசிமுனையளவு மஞ்சள் என்று ஒவ்வொன்றாகத் தீட்டி 30 பேரைச் சேர்த்தால் ஒரு பட்டாலியன். கொலு வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிறுக்கு எளிதில் புரியும். ஆனால் கொலுப்படியில் ஏறிய பொம்மையை யாரும் நகர்த்துவதில்லை. இங்கே நகர்த்துவதற்காகவே வைக்கிறார்கள்.

நெப்போலியன் காலத்துப் போர்களைப் பொம்மைகளைக் கொண்டு மறுபடி நடத்திப் பார்க்கும் விளையாட்டு இது. அதில் எல்லாரும் ஒருமுறையாவது கைவைக்க ஆசைப்படுவது வாட்டர்லூ. 1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய பெல்ஜியத்தில், இரவெல்லாம் மழை பெய்து சேறாகிக் கிடந்த வயல்வெளி. ஒரு பக்கம் நெப்போலியனின் ஆட்கள் 70,000 பேருக்கு மேல். எதிர் மேட்டில் ஏறக்குறைய அதே அளவு படையோடு வெலிங்டன் பிரபு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக வந்த படையில் கர்னலாக இருந்த ஆர்தர் வெல்லஸ்லிதான் இவர். பொழுது சாய்வதற்குள் வெலிங்டனுக்குத் துணையாகத் தளபதி ப்ளூஷரின் பிரஷ்யர்கள் சுமார் 50,000 பேர் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

இத்தனை பேரை மேசைமேல் எப்படி ஏற்றுவது? பொம்மைக்கு 20 பேர் என்று கணக்கு வைப்பது ஒரு பழைய வழக்கம். 600 பேர் கொண்ட பட்டாலியன் 30 பொம்மையாவது அப்படித்தான். நிலத்துக்கு வேறு கணக்கு. மில்லிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 4 கிலோமீட்டர் போர்முனை 4 மீட்டர் மேசையில் அடங்கிவிடும். ஆனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. நிலத்தின் அளவுப்படி நம் சிப்பாய் 28 மீட்டர் உயரமுள்ள அரக்கன். 600 பேர் இரண்டு வரிசையாக நின்றால் அகலம் 160, 170 மீட்டர் வரும். 15 பொம்மைகளைத் தோளோடு தோள் நெருக்கி நிறுத்தினால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஆழம்தான் இடிக்கும்: நிஜத்தில் இரண்டு மூன்று மீட்டர், மேசையில் 40. ஒரு பண்ணைவீட்டை வைத்தால் சுற்றியுள்ள வயலையும் அதுவே விழுங்கிவிடும். பொம்மை சிறுத்தால் கோளாறு குறையும் என்பதால் 6 மில்லிமீட்டரிலும் வார்க்கிறார்கள். அதில் முகம் தெரியாது, படை தெரியும். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. தூரிகை பிடித்தவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

வாட்டர்லூவுக்கு நிஜமாகவே கொலு வைத்தவரும் உண்டு. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பொம்மைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் 70,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளை நிறுத்தி, 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். இன்று அது அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆட்டத்துக்கு வருவோம். இரு தரப்பும் முறைவைத்து ஆடுவார்கள். ஒரு முறை என்பது போரில் 15 நிமிடம் என்று கொண்டால், காலை பதினொன்றரைக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு ஓய்ந்த சண்டைக்கு 38 முறை வேண்டும். சனி, ஞாயிறு இரண்டும் போய்விடும். நகர்த்த அளவுநாடா, சுட்டால் பட்டதா என்று பார்க்கப் பகடை. மஸ்கட் துப்பாக்கிக்கு 100 மீட்டருக்கு மேல் அவ்வளவாகக் குறி நிற்காது, ஆகவே மேசையில் அதன் எல்லை 10 சென்டிமீட்டர்.

சூட்சுமம் அணிவகுப்பில் இருக்கிறது. காலாட்படை நீள வரிசையாக நின்றால் எல்லாத் துப்பாக்கியும் சுடும், ஆனால் கலையாமல் நகர்வது பெரும்பாடு. வரிசைக்குப் பின் வரிசையாக அடுக்கி நடத்தினால் வேகம் கிடைக்கும், முன்னால் இருப்பவர்கள் மட்டுமே சுட முடியும். குதிரைப்படை வந்தால் நாலு பக்கமும் பயனெட்டை (துப்பாக்கிமுனைக் கத்தியை) நீட்டிக்கொண்டு சதுரமாக நிற்க வேண்டும். அந்த வேலியில் குதிரை பாயாது. ஆனால் அப்படி நெருங்கி நிற்கும் கூட்டம் பீரங்கிக்கு நல்ல வேட்டை. குதிரையைக் காட்டிச் சதுரமாக்கு, பிறகு பீரங்கியால் அடி என்பது புதிதாக ஆட வருகிறவர் முதலில் கற்பது.

வாட்டர்லூவில் மாலை நாலு மணிவாக்கில் பிரெஞ்சு மார்ஷல் நே இதில் பாதியைத்தான் செய்தார். ஆயிரக்கணக்கான குதிரைகளை மேட்டின்மேல் ஏவினார். கூடப் போதிய பீரங்கியும் போகவில்லை, காலாட்படையும் போகவில்லை. திரும்பத் திரும்ப ஏறியும் ஒரு சதுரத்தைக்கூட உடைக்க முடியவில்லை. மேசைமுன் நிற்கிற எவரும் இதைச் செய்யமாட்டார், ஏனென்றால் அவருக்கு இருப்பது கூரையில் ஒட்டிய பல்லியின் பார்வை. மேட்டுக்கு அப்பால் வெலிங்டன் மறைத்து வைத்த பட்டாலியன்களை அவர் எண்ணியே சொல்லிவிடுவார். நே கீழே இருந்தார், புகைக்குள்.

வண்ணமும் பகடையும் எளிது. ஆடுகிறவருக்குத் தெரிந்ததை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது என்பதில்தான் விதி எழுதுகிறவரின் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

இதை நன்றாகப் பிடித்தவர் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ். அவருடைய தகப்பனார் சதுரங்கக் கட்டங்களை விட்டுவிட்டு, மேடுபள்ளத்தோடு ஒரு போர்மேசை செய்து 1812இல் அரசருக்கே கொடுத்தவர். மகன் 1824இல் வெளியிட்ட விதிகளில் மேசையின் இடத்துக்கு 1:8000 அளவு வரைபடம் வந்தது. எதிரிகள் தனித்தனியே இருப்பார்கள், முழுப் படமும் நடுவருக்கு மட்டுமே தெரியும். கட்டளையை எழுதிக் கொடுக்க வேண்டும். தூதன் குதிரையில் போய்ச் சேரும் நேரம் கழிந்த பிறகுதான் படை அசையும். இதைப் பார்த்து அசந்துபோய்ப் படைக்குப் பரிந்துரைத்தவர் தளபதி ம்யூஃப்ளிங். வாட்டர்லூவில் வெலிங்டனோடு பிரஷ்யப் பிரதிநிதியாக நின்றவர் அவர்தான். செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருந்திராது.

இன்றைய ஆட்டக்காரர்களும் தந்திரம் பல வைத்திருக்கிறார்கள். மறைந்திருக்கும் படைக்குப் பொம்மைக்குப் பதில் அட்டை, அவற்றில் சில வெற்று அட்டை. பிரஷ்யர் வரும் நேரத்தைப் பகடை சொல்லும். அன்று பிரிட்டிஷ் குதிரைப்படை பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் காலாட்படையைச் சிதறடித்த கையோடு, நிற்காமல் பிரெஞ்சுப் பீரங்கிவரை ஓடி, களைத்த குதிரைகளோடு ஈட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. அதனால் சில விதிகளில், வென்ற குதிரைப்படை பகடை தயவு வைத்தால்தான் நிற்கும். ஆட்டக்காரர் கையைப் பிசைந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான். ஊர்ப்பெயர்களை மாற்றி, வேறொரு காலத்துப் போர் என்று சொல்லி ஆடவைக்கும் குறும்புக்கார நடுவர்களும் உண்டு.

2019 ஜூனில் கிளாஸ்கோவில் 20,000-க்கும் அதிகமான 28 மில்லிமீட்டர் பொம்மைகளோடு முழு வாட்டர்லூவையும் ஆடினார்கள். உங்களுக்கு அது வேண்டாம். போர்முனையின் நடுவில் இருந்த லா ஹே சேன்ட் பண்ணைவீட்டோடு தொடங்குங்கள். பொம்மை கிடைக்காவிட்டால் அட்டையை வெட்டிக்கொள்ளலாம். வெலிங்டன் தரப்பில் மேஜர் பேரிங்கின் ஜெர்மன் வீரர்கள் சுமார் 400 பேர் அதைக் காத்தார்கள், அதாவது 20 பொம்மை. தோட்டாக் கணக்கை மட்டும் மறக்காதீர்கள். கேட்டுக் கேட்டு ஆளனுப்பியும் தோட்டா வராமல்தான் மாலையில் பண்ணை விழுந்தது. அந்த 400 பேரில் பேரிங்கோடு மிஞ்சியவர்கள் 42 பேர். மேசையில் இரண்டு பொம்மை.