தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் போதும்

கொல்கத்தாவில் வளரும் பிள்ளைக்குக் கால்பந்து ஆசை வராமல் இருக்காது. நம் சங்கத்துக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. சந்தோஷந்தான். ஆனால் தலையில் இடிபட்டு உட்கார்ந்துவிட்ட பையனைப் பார்த்து, மைதான ஓரத்திலிருந்து "ஒன்றுமில்லை, எழுந்து ஓடு" என்று பெற்றோரே குரல் கொடுக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் டாக்டர் அல்ல, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மண்டையோட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. ஷண்டிங்கில் பெட்டி இடித்து நின்றதும் உள்ளே அடுக்கிய மூட்டைகள் சரிகின்றன அல்லவா, அதே கதைதான். வெளியே காயமே இல்லாமல் உள்ளே மூளை குலுங்கிப் போகலாம். இதைத்தான் 'கன்கஷன்' என்கிறார்கள். நினைவு தப்பினால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. ஸ்கேனிலும் எதுவும் தெரியாமல் போகலாம்.

பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 60 ஜூல். 6 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சிறுவர்களுக்கோ உடலை நோக்கத் தலை பெரிது, கழுத்து மெலிது. எனவே அவர்களுக்கு 4ஆம் எண் பந்தே போதும். பந்தைவிடப் பெரிய வினை, இருவர் ஒரே பந்துக்குத் தாவும்போது தலையோடு தலையும் முழங்கையும் மோதுவது.

இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் 59 வயதில் இறந்தபோது, பந்தைத் தலையால் முட்டி முட்டி மூளை கெட்டது தொழில்வழி வந்த நோய் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015இல், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டவே கூடாது என்று அறிவித்தது. 11 முதல் 13 வயதுவரை பயிற்சியில் வாரத்துக்கு 30 நிமிடந்தான். 2020இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சிறு பிள்ளைகளின் பயிற்சியில் இதை நிறுத்தின.

இதைவிட எனக்குப் பிடித்தது பிரிட்டனில் 2023இல் வந்த விதி: சந்தேகம் இருந்தாலே வெளியே உட்கார வை. போட்டிக்குத் திரும்ப 21 நாளாவது ஆகவேண்டும். எங்கள் டிரைவர்களுக்கு இது புதிதல்ல. சிக்னல் சரியாகத் தெரியாவிட்டால் சிவப்பு என்றே கொள்ளவேண்டும், பச்சையாக இருக்கும் என்று ஊகித்து ஓட்ட முடியாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். அபூர்வந்தான், ஆனால் அப்படிப் போவது பெரும்பாலும் இளம்பிள்ளைகள்.

தலைவலி, தலைசுற்றல், கேட்டதையே கேட்பது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். எனவே வீட்டிலும் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, தலைவலி ஏறிக்கொண்டே போவது, எழுப்பினால் எழாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சங்கத்துப் போட்டிகளில், அடிபட்ட பிள்ளையை வெளியேற்றும் அதிகாரத்தை, அன்று ஆடும் எந்தப் பிள்ளைக்கும் தகப்பனல்லாத ஒருவரிடம் விட்டுவிடலாம். தகப்பன் மனது வெற்றியின் பக்கம் சாயும். நகர்த்தக்கூடிய இரும்புக் கோல் கம்பங்களின் பின்னடிச் சட்டத்தில் மணல் மூட்டைகளை வைத்துக் கட்டவும் வேண்டும். குறுக்குக் கம்பியில் பிள்ளைகள் தொங்கினால் கம்பம் முன்பக்கமாகக் கவிழ்ந்து தலைமேலேயே விழும்.