கல்லூரிக்கு மடிக்கணினி: பின்னர் மாற்ற முடியாததற்கே முதல் காசு

கல்லூரியில் சேரும் பிள்ளைக்காக நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் மடிக்கணினி வாங்கச் செல்லும் குடும்பம், கடையில் முதலில் காண்பது விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் ஸ்டிக்கர்களைத்தான். ஐ3, ரைசன் 5, 8 ஜிபி, 512 ஜிபி என்று அவை சொல்லும் செய்தி ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலவே இருப்பதால், விலையில் காணும் மூவாயிரம், நான்காயிரம் ரூபாய் வேறுபாடு நிறுவனப் பெயருக்கானது என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் இந்த விலைப்பிரிவில் தயாரிப்பாளர் எங்கோ ஓரிடத்தில் சிக்கனம் செய்தே தீரவேண்டும். எந்த இடத்தில் செய்திருக்கிறார் என்பதை ஸ்டிக்கர் சொல்வதில்லை. அந்தச் சிக்கனம் பின்னாளில் சிறிது செலவழித்துச் சரிசெய்யத்தக்க பாகத்தில் நிகழ்ந்திருந்தால் பெரிய இழப்பில்லை. மாற்றவே இயலாத பாகத்தில் நிகழ்ந்திருந்தால், படிப்பு முடியும்வரை அதைச் சுமந்தே ஆகவேண்டும். எனவே குறைந்த விலைக் கருவியைத் தேர்வதற்கு, எது சிறந்தது என்ற கேள்வியைவிட, வாங்கிய பின் எதை மாற்ற முடியாது என்ற கேள்வியே உதவும்.

மாற்ற முடியாதவற்றுள் முதலாவது புராசசர், அதாவது எல்லாக் கணக்கீடுகளையும் நிகழ்த்தும் மையச் சில்லு. இன்றைய மடிக்கணினிகளில் இது மதர்போர்டு எனப்படும் முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், கழற்றி வேறொன்றைப் பொருத்தும் பேச்சுக்கே இடமில்லை. இங்குதான் பெயர்கள் வாங்குபவரை அதிகம் ஏமாற்றுகின்றன. இன்டெல் நிறுவனத்தின் ஐ3-1215யூ, ஐ3-என்305 ஆகிய இரண்டுமே கடைக்காரரின் வாயில் வெறும் "ஐ3"தான். முன்னதில், வேகத்துக்கென வடிவமைக்கப்பட்ட கோர்கள் இரண்டும், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சிறிய கோர்கள் நான்கும் உள்ளன. கோர் என்பது தனித்து ஒரு பணியைச் செய்யவல்ல கணக்கீட்டு அலகு. பின்னதில் இருக்கும் எட்டும் சிறிய கோர்களே. எட்டு என்ற எண் ஆறைவிடப் பெரிதாகத் தோன்றினும், ஒரே வேலையை விரைந்து முடிக்கவேண்டிய தருணங்களில், அதாவது ஒரு பெரிய எக்செல் கோப்பைத் திறக்கும்போதோ நிரலொன்றை இயக்கும்போதோ, வேகக் கோர் உள்ள முதல் புராசசரே முந்தும். இதற்கும் கீழ்நிலையில் என்100 என்ற நான்கு சிறிய கோர்களைக் கொண்ட சில்லும், இரண்டே கோர்களுடைய செலரான் என்4020 போன்ற பழைய சில்லுகளும் உள்ளன. செலரானில் நிகழ்நிலை வகுப்பைத் திறந்துவைத்துக்கொண்டு குறிப்பும் எடுக்க முயலும் மாணவர் முதல் பருவத்திலேயே சலித்துப்போவார். விலை எவ்வளவு குறைந்தாலும் அது கல்லூரிக்கு ஏற்றதன்று.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வரிசையில் சிக்கல் வேறு வகையானது. 2023-ஆம் ஆண்டுக்கான 7000 வரிசையில் நான்கு இலக்கங்களுள் முதலாவது ஆண்டையும், மூன்றாவது சில்லின் உள்வடிவமைப்பு எத்தலைமுறையது என்பதையும் குறிக்கின்றன. ரைசன் 5 7520யூ என்பதில் மூன்றாம் இலக்கம் 2. எனவே அது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பின் மீது அமைந்தது, கோர்கள் நான்கே. ரைசன் 5 7530யூ என்பதில் அதே இடத்தில் 3. அது அடுத்த தலைமுறையான ஜென் 3, கோர்கள் ஆறு. பத்து என்ற அளவே வேறுபடும் இவ்விரு எண்களும் ஒரே "ரைசன் 5" ஸ்டிக்கருடன் அருகருகே விற்கப்படுகின்றன. பழைய வண்டிக்குப் புதிய எண்பலகை மாட்டியதற்கு ஒப்பான இந்தப் பெயர்முறையை நிறுவனமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது என்பதால் ஏமாற்று என்று சொல்ல இயலாது, எனினும் மூன்றாம் இலக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. மேலும் 7320யூ, 7520யூ ஆகிய சில்லுகள் எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேமை மட்டுமே ஏற்கும். அவ்வகை ரேம் இக்கருவிகளில் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால், ஒரு குறை இன்னொரு குறையையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

ரேம் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களும் அவற்றின் தரவுகளும் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த குறைந்தபட்ச வரையறை. அந்த அளவில் கணினி இயங்கும், மாணவர் வேலை செய்ய முடியாது. இன்று 8 ஜிபி தொடக்க அளவாகவும், 16 ஜிபி நான்காண்டுப் படிப்புக்குக் கவலையற்ற அளவாகவும் கொள்ளத்தக்கவை. கடையில் கேட்கவேண்டியது எத்தனை ஜிபி என்பதோடு நிற்காமல், காலியான ஸ்லாட், அதாவது கூடுதல் ரேம் பொருத்தும் இடம், உண்டா என்பதும்தான். உண்டெனில் 8 ஜிபியுடன் வாங்கி, தேவை எழும்போது இன்னொரு 8 ஜிபியைச் சேர்க்கலாம். இரண்டு ரேம்கள் இணையாக இயங்குவதால் புராசசருடன் சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் பகுதியின் வேகமும் கூடும். ஸ்லாட் இல்லையெனில் 16 ஜிபி கருவியை வாங்குவதே முறை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியதால் 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது; ஆகவே அடுத்த ஆண்டு மலிவாகும் என்ற பழைய நம்பிக்கையை இப்போது வைக்க இயலாது.

சேமிப்பகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டின்றிச் சில்லுகளில் தரவைப் பதியும் வகை, இருக்கவேண்டும். பெரும்பாலான கருவிகளில் இது கழற்றி மாற்றத்தக்கது என்பதால் 256 ஜிபி இருப்பினும் குறையில்லை. மிக மலிவான சில கருவிகளில் வரும் இஎம்எம்சி வகை மட்டும் விலக்கத்தக்கது. அது பலகையில் பற்றவைக்கப்பட்டது, வேகமும் குறைந்தது.

விளம்பரங்கள் அடக்கி வாசிக்கும் பகுதி திரை. 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் பாடநூலின் ஒரு பக்கத்தை வாசிக்கவே மேலும் கீழும் நகர்த்தவேண்டியிருக்கும். 1920-க்கு 1080 இருத்தல் வேண்டும். அடுத்து, பக்கவாட்டிலிருந்து நோக்கினாலும் நிறம் வெளுக்காத ஐபிஎஸ் வகையா என்பதைக் கடையில் திரையைச் சாய்த்துப் பார்த்தே அறியலாம். பேட்டரியைப் பொறுத்தவரை, இத்தனை மணி நேரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, வாட்-மணி என்ற கொள்ளளவு அலகைப் பார்ப்பது நல்லது. 42 வாட்-மணி பேட்டரி, சராசரியாக 7 வாட் செலவழிக்கும் எளிய பயன்பாட்டில் 6 மணி நேரமும், 14 வாட் செலவழிக்கும் கனமான பயன்பாட்டில் 3 மணி நேரமும் தாங்கும். வகுப்பறையில் பிளக் பாயின்ட் கிடைக்காத கல்லூரிகளில் இந்தக் கணக்கு முக்கியம். திரையையும் உடலையும் இணைக்கும் கீலின் உறுதியையும் ஒரு கையால் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். பேருந்தில் பையோடு நெருக்கப்படும் கருவியில் முதலில் விரிசல் காண்பது அந்த இடமே.

இவை அனைத்தும் படிப்பைப் பொறுத்து முன்பின்னாக இடம் மாறும். வணிகவியல், இலக்கியம், சட்டம் பயில்வோருக்கு நடுத்தரப் புராசசரும் 8 ஜிபி ரேமும் போதுமாக இருக்க, எடைக்கும் விசைப்பலகைக்கும் திரைக்குமே பணம் செல்லவேண்டும். கணினி அறிவியல் மாணவர் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்ற மென்பொருளில் கைபேசிச் செயலி உருவாக்கத் தொடங்கும்போது 8 ஜிபி திணறும். இயந்திரப் பொறியியலில் பயன்படும் சாலிட்வொர்க்ஸ், கட்டடப் பொறியியலில் பயன்படும் ரெவிட் ஆகியவை விண்டோசில் மட்டுமே இயங்குபவை. எனவே அத்துறை மாணவர் ஆப்பிள் கருவியையோ குரோம்புக்கையோ வாங்குவது வீண் செலவு. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாவிட்டால் செயற்கை நுண்ணறிவு கற்க முடியாது என்று விற்பனையாளர் அச்சுறுத்துவதுண்டு. இளநிலைப் பயிற்சிகளுக்கு உலாவியிலேயே இயங்கும் கூகுள் கோலாப் போன்ற இலவச வசதி பெரும்பாலும் போதுமானது. காட்சித் தொடர்பியல் மாணவர் ஒருவருக்கு மட்டும் இந்த விலைப்பிரிவு உண்மையிலேயே போதாது என்று சொல்லவேண்டியிருக்கும், ஏனெனில் காணொளித் தொகுப்புக்கு வேண்டிய வேகமும் நிறத்துல்லியமான திரையும் நாற்பதாயிரத்துக்குள் புதிய கருவியில் ஒருங்கே கிடைப்பது அரிது.

அத்தொகையிலும் பாதியே கையில் உள்ள குடும்பங்களுக்கு, புதிய செலரானைவிட, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த கருவியைச் செப்பனிட்டு விற்கும் ரீஃபர்பிஷ்டு மடிக்கணினியே மேலான தேர்வு. லெனோவாவின் தின்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் ஆகிய அலுவலக வரிசைகள் சென்னை ரிச்சி தெரு முதல் இணைய அங்காடிகள் வரை கிடைக்கின்றன. உறுதியான உடலும், எளிதில் கழற்றத்தக்க பாகங்களும், தயாரிப்பாளரே வெளியிட்ட பழுதுநீக்கும் கையேடும் இவற்றின் பலம். ஆனால் இங்கும் ஓர் எண் எல்லைக்கோடாக நிற்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசசர்களை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, ஏற்பதில்லை. ஐ5-7200யூ, ஐ5-8250யூ என்ற இரண்டில், கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கமே தலைமுறை. முன்னது ஏழாம் தலைமுறை, இரண்டு கோர்கள். பின்னது எட்டாம் தலைமுறை, நான்கு கோர்கள். விண்டோஸ் 10 முடிவடைந்த பின் அலுவலகங்கள் கழித்துத் தள்ளும் கருவிகளில் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையனவும் கலந்திருக்கும் என்பதால், வெறும் "ஐ5" என்ற சொல்லுக்காக அவற்றை வாங்குவோர், லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தும் எண்ணமில்லையெனில், வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கருவியோடுதான் வீடு திரும்புவர்.

ரீஃபர்பிஷ்டு கருவியைச் சோதிக்கப் பத்து நிமிடம் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற விண்டோஸ் கட்டளையின் மூலம் பேட்டரி அறிக்கையைப் பெற்றால், பேட்டரி தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இன்று முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் கிடைக்கும் கொள்ளளவும் அடுத்தடுத்த வரிகளில் தோன்றும். 48 வாட்-மணியாகப் பிறந்தது 24 ஆகியிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் குறைத்துக்கொண்டே பேரத்தைத் தொடங்கவேண்டும். பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்பது அடுத்த சோதனை. இறுதியாக, விண்டோசைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைக்கும்போது ஏதேனும் நிறுவனத்தின் பெயரில் உள்நுழைவுப் பக்கம் வந்து நின்றால், அக்கருவி இன்னும் பழைய உரிமையாளரின் நிர்வாகப் பட்டியலில் உள்ளது என்று பொருள். எவ்வளவு மலிவாயினும் அதைத் தொடக்கூடாது.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வுக்கு இன்னொரு கூறும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு முதல் கணினியைத் தந்தது. பின்னர் 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எனவே அரசுக் கல்லூரியில் சேரும் மாணவர், தம் பெயர் பயனாளிகள் பட்டியலில் வரக்கூடுமா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்தபின் பணத்தைச் செலவிடுவது அறிவுடைமை.

பணம் செலுத்தும் முறையிலும் கவனம் தேவைப்படுகிறது. வட்டியில்லாத் தவணை என்று கடைகள் விளம்பரப்படுத்துவதில், வட்டித் தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிக்க, வங்கி அதே வட்டியை வாங்கிக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. அந்த வட்டி 2,000 ரூபாய் எனில் அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 360 ரூபாயும், தனியே செயல்முறைக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழும். முழுத்தொகையையும் ஒரே தடவையில் செலுத்தினால் என்ன விலை என்று கேட்டு ஒப்பிடும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரியவரும். ரசீதில் கருவியின் வரிசை எண் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்த்து, கடையில் இருக்கும்போதே தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு உத்தரவாதக் காலத்தைச் சரிபார்க்க முடியும். கருவி தொழிற்சாலையிலிருந்து விற்பனையாளருக்கு வந்த நாளிலிருந்தே அக்காலம் கணக்கிடப்பட்டுப் பல மாதங்கள் குறைந்திருப்பதுண்டு. அப்போது ரசீதின் நகலை அதே தளத்தில் பதிவேற்றித் தேதியைத் திருத்தக் கோரினால், வாங்கிய நாளிலிருந்து உத்தரவாதம் கணக்கிடப்படும்.