விரலும் குறிப்பேடும்

படித்ததையும் கேட்டதையும் குறித்து வைத்தல் கற்பவர்க்கு இன்றியமையாத பழக்கமாகும். ஆயினும், குறிப்பு எழுதுவது எளிது. வேண்டியபொழுது அதனைத் தேடி எடுப்பதே அரிது. மாதவரத்தில் வாழும் மாணவி ஒருத்தி தன் ஊரைப்பற்றிச் செய்திகள் திரட்டுகிறாள் எனக் கொள்க. பால்பண்ணையைப்பற்றி ஓர் ஏட்டில் எழுதுகிறாள். ஏரியைப்பற்றி வேறோர் ஏட்டில் எழுதுகிறாள். 2011ஆம் ஆண்டில் மாதவரம் சென்னை மாநகராட்சியோடு இணைந்த செய்தியை ஒரு தனித்தாளில் குறிக்கிறாள். மூன்றும் தம்முள் தொடர்புடையவை. ஏடுகளோ தனித்தனியே கிடக்கின்றன.

இக்குறையைப் போக்க எழுந்தவற்றுள் ஒன்று விக்கி என்னும் கணினி முறை. அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். ‘விக்கி’ என்பது ஹவாய் மொழியில் விரைவைக் குறிக்கும் சொல். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்து ஒன்றின் பெயரிலிருந்து அவர் அதனை எடுத்துக்கொண்டார். பலர் கூடி எழுதுவதற்கு ஏற்பட்ட இம்முறையை ஒருவர் தமக்கெனவே வைத்துக்கொள்ளும் குறிப்பேடாக ஆக்கியவற்றுள் ஒன்று, ஜெரமி ரஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட டிட்லிவிக்கி. அதில் ஒவ்வொரு குறிப்பும் சிறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. ஒரு குறிப்பில் மற்றொன்றின் தலைப்பை இணைப்பாக எழுதிவிட்டால், அதனைத் தொட்ட அளவில் அக்குறிப்புத் திறந்துகொள்ளும்.

அவ்விணைப்பை எழுதுவது எவ்வாறு? கன்னிங்காம் ஓர் எளிய வழி கண்டார். ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் அதுவே இணைப்பாகும். தமிழிலோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லை. ஆதலின், பிற்காலத்தில் பரவிய இரட்டைச் சதுர அடைப்புக்குறியே தமிழுக்குப் பொருந்துவதாயிற்று. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வழியையே மேற்கொண்டது.

எனினும் இங்கே வேறோர் இடர் உண்டு. குறிப்பின் தலைப்பு ‘மாதவரம்’. தமிழில் எழுதுபவர் எப்பொழுதும் அவ்வாறே எழுதுவரோ? ‘மாதவரத்தில்’ என்பர், ‘மாதவரத்திற்கு’ என்பர், ‘மாதவரத்துப் பால்பண்ணை’ என்பர். வேற்றுமை உருபு வந்து சேருமிடத்தில் ஈற்று மகரம் மறைந்து ‘அத்து’ச் சாரியை தோன்றுகிறது. மனிதர்க்கு இவையெல்லாம் ஓர் ஊரே. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் பொறிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். ‘மாதவரம்’ என்று தேடினால் ‘மாதவரத்தில்’ அகப்படாது.

இதற்காகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர், அடைப்புக்குறிக்குள் முதலில் தலைப்பையும், பின் ஒரு நேர்கோட்டையும், அதன்பின் வழங்கும் வடிவத்தையும் இடுகின்றனர். கணினியில் இது பெருந்தொல்லையன்று. கைப்பேசியிலோ, பெரும்பாலான தமிழ் விசைப்பலகைகளின் முதற்பக்கத்தில் இக்குறிகள் இல்லை. ஓர் இணைப்புக்கு ஐந்து குறிகள்; அவற்றைத் தேடிப் பலகையைப் பலமுறை மாற்றவேண்டும். இரண்டு நாள் இவ்வாறு எழுதியவள் மூன்றாம் நாள் இணைப்பு இடுவதையே விட்டுவிடுவாள். அதன்பின் அவளுடைய கைப்பேசியிலும் குறிப்புகள் பழைய ஏடுகளைப்போலவே தனித்தனியே கிடக்கும். ஆகவே, ‘மாதவர’ என்று எழுதும்பொழுதே, அவ்வாறு தொடங்கும் தலைப்புகளை மென்பொருள் கீழே காட்டுதல் வேண்டும். அவள் ஒன்றைத் தொட்டவுடன், தலைப்பை உள்ளே வைத்துக்கொண்டு, எழுதிய சொல்லை எழுதியவாறே வெளியே காட்டுதல் வேண்டும். தமிழ்ச் சொற்களில் மாற்றம் பெரும்பாலும் ஈற்றிலேயே நிகழ்வதால், முதலெழுத்துகளைக்கொண்டு தேடும் இம்முறை பெரிதும் பயன் தரும்.

இனி விரலின் இயல்பைக் கருதவேண்டும். கணினிச் சுட்டியின் முனை ஊசிபோன்றது. விரல் நுனியோ அகன்றது. அன்றியும், தொடும் இடத்தைத் தானே மறைத்துவிடுவது. அதனாலேயே, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான வடிவமைப்பு நெறிகள், தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமேனும் இருத்தல் வேண்டும் என்கின்றன. முற்காலத்து டிட்லிவிக்கியில் குறிப்பை இருமுறை சொடுக்கினால் திருத்தும் பெட்டி திறக்கும். தொடுதிரையில் இருமுறை தட்டுதல் பக்கத்தைப் பெரிதாக்கும் செயலாகவும் வழங்குவதால், பென்சில் வடிவப் பொத்தானே தெளிவான வழி. அப்பொத்தானின் அருகிலேயே அழிக்கும் பொத்தானை வைப்பது அறிவுடைமையன்று. விரல் தவறுவது இயற்கை. தவறியதை மீட்க ‘முன்போல் ஆக்கு’ என்னும் வசதி வேண்டும். ‘அழிக்கலாமா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பது அதற்கு ஈடாகாது. நாள்தோறும் கேட்கப்படும் கேள்விக்கு எவரும் படியாமலே ‘ஆம்’ என்பர்.

எழுத்தைத் திருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கணினி ‘ம்’ என்பதை மகரம், புள்ளி என இரண்டாகச் சேமிக்கிறது. பல மென்பொருள்களில் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் புள்ளி மட்டும் நீங்கி ‘ம’ நிற்கும். ‘கொ’ என்பதில் இரு பக்கக் குறிகளும் ஒருங்கே மறைந்து ‘க’ எஞ்சும். உயிர்க்குறியை மட்டும் மாற்ற விரும்புவார்க்கு இது நன்று. முழு எழுத்தையும் நீக்க விரும்புவார்க்கு ஒரு தொடுதல் மிகை. எது வேண்டுமென்பதை வடிவமைப்போர் தம் மேசையிலிருந்து முடிவு செய்யாமல், தமிழில் நாள்தோறும் எழுதுவோர் கையில் கொடுத்துப் பார்த்தே அறிதல் வேண்டும்.