சம்பளம் கேட்டாச்சு... ரூம்ல எத்தனை பேர்னு கேட்டீங்களா? வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளிநாட்டு வேலை என்றதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்ளோ?" அடுத்தது, "ஏஜென்ட் எவ்ளோ கேட்குறாரு?" மூன்றாவது, "எப்போ ஃப்ளைட்?" தங்கும் இடத்தைப் பற்றி பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. விளம்பரத்தில் 'சாப்பாடு, தங்குமிடம் இலவசம்' என்று ஒரு வரி இருக்கும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால், வேலை நேரம் போக மீதி வாழ்க்கை முழுவதும் அந்த அறைக்குள்தான். தூக்கம், சாப்பாடு, குளியல், ஊருக்குப் போன் பேசுவது, காய்ச்சல் வந்தால் படுப்பது என எல்லாமே ஒரு கட்டில் அளவு இடத்தில் நடக்கும். அந்த இடம் சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து என்பதை 2024-ல் குவைத்தில் பார்த்தோம்.

எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய பகுதிகளில் வெல்டிங், ஃபிட்டிங், எலக்ட்ரிக்கல் கற்ற இளைஞர்களுக்கு துபாயும் சிங்கப்பூரும் புதிய பெயர்கள் இல்லை. அங்கே தங்கும் அறை எப்படி இருக்கும், சட்டம் என்ன சொல்கிறது, கையெழுத்து போடும் முன் எதைக் கேட்க வேண்டும்? பார்ப்போம்.

தங்குவது எங்கே?

பொதுவாக மூன்று வகை.

முதலாவது, வளைகுடா நாடுகளின் 'லேபர் கேம்ப்'. கம்பெனியே இடம் கொடுக்கும். பெரும்பாலும் ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும். துபாயில் சோனாப்பூர், அல் கூஸ், ஜெபல் அலி பகுதிகள் இதற்குப் பெயர் பெற்றவை. சோனாப்பூர் என்றால் இந்தியில் 'தங்க ஊர்'. அரசு ஆவணங்களில் அந்தப் பகுதியின் பெயர் முஹைஸ்னா 2.

இரண்டாவது, சிங்கப்பூரின் 'டார்மிட்டரி'. ஆயிரக்கணக்கானோர் தங்கும் பெரிய வளாகங்களும் உண்டு, தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கும் சிறிய விடுதிகளும் உண்டு.

மூன்றாவது, 'பெட் ஸ்பேஸ்'. கம்பெனி இடம் தராமல் வாடகைப் படி மட்டும் தந்தால், நகரத்துக்குள் ஒரு ஃபிளாட்டில் ஒரே ஒரு கட்டிலை வாடகைக்கு எடுப்பார்கள். வீடு இல்லை, அறையும் இல்லை. கட்டிலுக்கு மட்டும் வாடகை. விசிட் விசாவில் வேலை தேடிப் போகிறவர்கள் முதலில் வந்து சேர்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

கட்டுமான வேலை என்றால் விடிவதற்கு முன்பே எழ வேண்டும். அலாரம் அடிக்கும்போது அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவதால், முதல் பிரச்சினை பாத்ரூம் வரிசை. கம்பெனி பஸ் நேரத்துக்குக் கிளம்பிவிடும். சிங்கப்பூரில் லாரியில் ஏற்றிச் செல்வது இன்னும் நடக்கிறது.

சாப்பாடு இரண்டு விதம். கேம்ப்பில் மெஸ் இருந்தால் அங்கே. இல்லையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டு, முறை வைத்துச் சமைப்பார்கள். யார் காய் நறுக்குவது, யார் பாத்திரம் கழுவுவது என்பதில்தான் ரூம் சண்டைகள் பாதி. சிங்கப்பூரில் கேட்டரிங் பொட்டலம் வழக்கம். மதியச் சாப்பாடும் அதிகாலையிலேயே கைக்கு வந்துவிடும், அதை வெயிலில் வைத்து மதியம் பிரித்தால் சில நாள் சோறு கெட்டிருக்கும்.

இரவில் ஷிப்ட் பிரச்சினை. நைட் டியூட்டி முடித்து வருபவர் தூங்கும்போது பகல் டியூட்டிக்காரர் லைட் போடுவார். மேல் கட்டிலில் ஒருவர் புரண்டால் கீழ்க் கட்டில் ஆடும். கட்டில் கம்பியில் சுற்றிக் கட்டிய துணிதான் தனிமை. வீட்டம்மாவிடம் வீடியோ கால் பேசுவதும் அந்தத் துணிக்குப் பின்னால்தான். மூட்டைப்பூச்சி வந்தால் அறையே சேர்ந்து மெத்தையைத் தூக்கி வெயிலில் போட வேண்டும்.

நல்ல பக்கமும் உண்டு. புதிதாக வருபவருக்கு சிம் கார்டு வாங்கித் தருவது, பணம் அனுப்பச் சொல்லித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் ரூம்மேட்கள்தான். ஊரில் யாராவது இறந்த செய்தி வந்தால், டிக்கெட்டுக்குக் காசு திரட்டுவதும் அதே அறைதான்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிலாளர் தங்குமிடத்துக்கான விதி 2009-ல் வந்தது. ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர், ஓர் அறையில் 8 முதல் 10 பேர் வரை. 3 சதுர மீட்டர் என்றால் சுமார் 32 சதுர அடி.

இதை நம்ம ஊர்க் கணக்கில் பார்த்தால் சுலபமாகப் புரியும். பத்துக்குப் பத்து அறை என்றால் 100 சதுர அடி. அமீரக விதிப்படி அதில் மூன்று பேர்தான் தங்கலாம். 10 பேர் தங்க வேண்டுமென்றால் அறை குறைந்தது 320 சதுர அடி இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் புதிதாகக் கட்டும் டார்மிட்டரிகளுக்கு 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அளவு இன்னும் தாராளம். ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர் (சுமார் 45 சதுர அடி), ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர், கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, ஆறு பேருக்கு ஒரு கழிவறை வசதி. இந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை.

சிங்கப்பூர் ஏன் மாறியது?

2020 ஏப்ரல் 5-ஆம் தேதி, பொங்கோலில் உள்ள எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் ஆகிய இரு டார்மிட்டரிகளும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து சுமார் 20,000 பேர் இருந்தனர். பிறகு மற்ற விடுதிகளும் மூடப்பட்டன. இடைவெளி விட்டு இருங்கள் என்று உலகமே சொன்னபோது, அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தவர்களுக்கு அதற்கு வழியே இல்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட கணக்குப்படி, டார்மிட்டரிகளில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு கொரோனா தொற்று ஏற்பட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர்.

அதற்குப் பிறகுதான் அளவுகள் மாறின. 1,000 பேருக்கு மேல் தங்கும் விடுதிகளுக்கு மட்டும் இருந்த சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் ஏழு கட்டில் இருந்தாலே பொருந்தும் என்றானது. பழைய விடுதிகளும் 2030-க்குள் ஒருவருக்கு 3.6 சதுர மீட்டர், அறைக்கு 12 பேர் என்ற இடைக்கால அளவுக்கு வர வேண்டும். புதிய அளவுக்கு முழுமையாக மாற 2040 வரை அவகாசம். அதாவது இன்று போகிற ஒருவருக்குப் புது விடுதியும் கிடைக்கலாம், பழைய விடுதியும் கிடைக்கலாம்.

மங்காஃபில் நடந்தது என்ன?

2024 ஜூன் 12, அதிகாலை. குவைத்தின் மங்காஃப் பகுதியில் சுமார் 200 தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. மின்கசிவுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. பெரும்பாலானோர் தூக்கத்தில் இருந்தனர். நெருப்பைவிட புகைதான் அதிகம் பேரைக் கொன்றது.

அறைகளைப் பிரிக்கப் பயன்படுத்திய தடுப்புகள் எளிதில் தீப்பிடிக்கும் பொருளால் ஆனவை. மொட்டை மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. மேலே ஓடியவர்களுக்கு வெளியேற வழியில்லை. கட்டட உரிமையாளர்களின் பேராசைதான் இதற்குக் காரணம் என்று குவைத் துணைப் பிரதமரே சாடினார்.

முதலில் உறுதி செய்யப்பட்ட பட்டியலில் 45 இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் சென்னைக்காரர். ஜூன் 14 அன்று விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டன.

இது ஒரே ஒரு சம்பவம் இல்லை. 2023 ஏப்ரலில் துபாய் தேராவின் அல் ராஸ் பகுதியில் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 16 பேர் இறந்தனர். அதில் இருவர் தமிழர்கள். 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி, ஃபிளாட்டுகளை அனுமதியில்லாமல் தடுப்பு வைத்துப் பிரித்து வாடகைக்கு விடுவோர் மீது நடவடிக்கையைத் தீவிரப்படுத்தியது. இது நல்ல நடவடிக்கைதான். ஆனால் அப்படி ஒரு தடுப்பு அறையில் இருப்பவர் அடுத்து எங்கே போவது? கட்டில் வாடகைக்கு எடுக்கும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* ரூம்ல எத்தனை பேர், ரூம் எவ்ளோ பெருசு? சதுர அடியை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 32-க்குக் கீழே வந்தால் உஷார்.
* தங்குமிடம் இலவசம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கா? வாயால் சொன்னது செல்லாது. கரண்ட், தண்ணீர், பஸ்ஸுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்றும் பாருங்கள்.
* சாப்பாடா, சாப்பாட்டுக் காசா? காசு என்றால் சமைக்க இடம் இருக்கிறதா?
* கேம்ப் எங்கே இருக்கு? வேலை இடத்துக்கு பஸ் பயணம் எவ்வளவு நேரம்? தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால், அது தூக்கத்தில்தான் குறையும்.
* ஏற்கெனவே அங்கே இருக்குறவங்க நம்பர் கிடைக்குமா? ஒரு வீடியோ கால் போதும். கட்டில், ஜன்னல், பாத்ரூம், படிக்கட்டு நாலையும் காட்டச் சொல்லுங்கள்.

போய் இறங்கிய முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்கிறதா, மாடிக் கதவு திறக்கிறதா என்று நடந்தே பார்த்துவிட வேண்டும். ஒரே பிளக்கில் நாலைந்து போன் சார்ஜரும் அடுப்பும் மாட்டியிருந்தால் அதை அன்றைக்கே பேசித் தீர்க்க வேண்டும்.

ஆவணம், காப்பீடு, உதவி எண்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பொதுவாக இசிஆர் பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடியேற்ற அனுமதி தேவை. சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. இந்த அனுமதியோடு போகும்போது ஒப்பந்தம் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் வேலைக்குப் போனால் இந்தப் பதிவும் இல்லை, இந்தக் காப்பீடும் இல்லை.

ஏஜென்டுக்கு உரிமம் இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம்.

தங்குமிடத்தில் பிரச்சினை என்றால் முதலில் போட்டோ, வீடியோ எடுத்து, தேதியோடு எழுத்தில் கம்பெனிக்குச் சொல்வது நல்லது. தீரவில்லை என்றால் அந்த நாட்டின் தொழிலாளர் துறை, அடுத்து இந்தியத் தூதரகம். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்திலும் புகார் பதியலாம். அமீரகத்தில் இருப்பவர்கள் 800 46342 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சிங்கப்பூரில் புலம்பெயர்ந்த தொழிலாளர் மையத்தின் எண் 6536 2692. ஊரில் இருக்கும் குடும்பத்தினர் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை 1800 309 3793 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

கேம்ப்பின் பெயர், கட்டட எண், ரூம் நம்பர், ஒரு ரூம்மேட்டின் போன் நம்பர். இந்த நான்கும் வீட்டில் ஒரு தாளில் எழுதி இருக்க வேண்டும். "கம்பெனி ரூம்ல இருக்காரு" என்பது மட்டும் தெரிந்தால், ஏதாவது நடந்த அன்றைக்கு எங்கே தேடுவது என்று வீட்டுக்குத் தெரியாது.