மருந்தூசி போட்ட பசுவின் பால்

கறவைப் பசுவுக்கு மடிநோய் கண்டால், கால்நடை மருத்துவர் பென்சிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊசி மூலம் செலுத்துவதுண்டு. வீக்கம் வடிந்து பசு பழையபடி தீனி எடுத்தவுடன், பாலைத் திருப்பூர் நகரத்திற்கு அனுப்பிவிடலாம் என்று பல்லடம், காங்கயம் பக்கத்துக் குடியானவர்களில் சிலர் எண்ணக்கூடும். இது தவறு. நோய் நீங்குவது வேறு. மருந்து நீங்குவது வேறு.

தசையில் போட்ட மருந்து இரத்தத்தில் சிறிது சிறிதாகக் கலந்து உச்சத்தை அடைகிறது. பின்னர் சிறுநீர், பால் ஆகியவற்றின் வழியே வெளியேறிக் குறைகிறது. இவ்வேற்றத்தாழ்வைக் கணித நூலார் விகிதமுறு சார்பு என்னும் பின்ன வாய்பாட்டினால் தோராயமாகக் காட்டுவர். ஊசி போட்டபின் கழிந்த மணி நேரத்தை ‘ம’ என்று கொண்டால், பின்வருவது ஓர் உதாரணமாகும்:

மருந்தின் அளவு = 20ம ÷ (ம² + 4)

இதன்படி 2 மணியில் 5 அலகு. 8 மணியில் ஏறக்குறைய 2.4, 24 மணியில் 0.8, 48 மணியில் 0.4, 100 மணியில் 0.2. பின்னத்தின் மேல் எண் மணியோடு பெருகுகிறது. கீழ் எண்ணோ மணியின் வர்க்கத்தோடு பெருகுகிறது. ஆகையால் உச்சத்திற்குப் பின் அளவு குறைந்துகொண்டே போகும். ஆயினும் பூஜ்யம் ஆவதில்லை. எனவே, மருந்து வரம்புக்குக் கீழ் இறங்கிற்றா என்பதே கேட்கத்தக்க கேள்வி. மருந்தை இரட்டித்தால், அதே 0.2 அலகுக்கு இறங்க இவ்வாய்பாட்டின்படி 200 மணி செல்லும்.

உண்மையில் மருந்து உடலில் குறிப்பிட்ட காலத்திற்கொரு முறை ஏறக்குறைய பாதியாகக் குறைவதே பெரும்பான்மை. ஆதலால் இவ்வாய்பாடு போக்கை விளக்க உதவுமேயன்றி, பாலை விலக்கும் நாட்களைக் கணக்கிட உதவாது. அதற்கு மருத்துவர் சொல்லும், புட்டியின் மேலுள்ள குறிப்புமே ஆதாரம். அவ்விலக்குக் காலம் குறிக்கப்படாவிடில், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாட்களுக்கும், இறைச்சிக்கு 28 நாட்களுக்கும் குறையலாகாது என இந்திய அரசாங்கம் 2012-ஆம் ஆண்டில் விதித்தது.

அப்பாலைக் காய்ச்சினாலும் மருந்து முற்றிலும் அழியாது. உறை ஊற்றினால் தயிர் சரிவரத் தோயாமலும் போகலாம். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு அது தீங்கு செய்யும். நோய்க்கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும். ஆகவே ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் தொழுவத்தில் எழுதி வைத்து, அப்பசுவைக் கடைசியாகக் கறந்து, அதன் பாலை மற்றப் பாலோடு சேராமல் அப்புறப்படுத்த வேண்டும். சில நாள் பால் போவது நஷ்டமே. ஆனால் அதை விலை கொடுத்து வாங்கிக் குழந்தைக்குப் புகட்டும் தொழிலாளிக்கு, அதில் மருந்து இருப்பதைக் கண்டறிய வழியில்லை.