வால் கூண்டின் கதவு

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால் நுனியில் ஒரு சுழல் கூண்டு உண்டு. உள்ளே நான்கு பிரவுனிங் துப்பாக்கிகளும் ஒரு வீரரும். இடம் அவ்வளவு நெருக்கடி. பாராசூட்டை வெளியே, விமானத்தின் உடலுக்குள் மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சீறும் காற்றை எதிர்த்துக் கூண்டைத் திருப்பக் கைவலு போதாது. எஞ்சினோடு ஓடும் பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்பும். அந்த அழுத்தம்தான் திருப்பும். இதில் ஒரு சிக்கல். கூண்டு நேர் பின்னோக்கி நின்றால்தான் அதன் கதவு விமானத்துக்குள் திறக்கும். கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டால் கதவுக்கு எதிரே சுவர்தான்.

1944 ஜூன் 12 நள்ளிரவு தாண்டி, பிரான்ஸின் காம்ப்ரேயைக் குறிவைத்துப் பறந்த கனடிய விமானப்படையின் லங்காஸ்டருக்கு அதுதான் நடந்தது. ஜெர்மானியப் போர்விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன, விமானத்தில் தீயும் பற்றியது. எண்ணெய் அழுத்தம் போயிற்று. கையால் சுற்றும் பிடியும் உடைந்தது. உள்ளே பாட் பிரோஃபி.

விமானத்தை விட்டுக் குதிக்கச் சொல்லி விமானி உத்தரவிட்டுவிட்டார். நடு முதுகுக் கூண்டின் துப்பாக்கி வீரர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி, வினிபெக்கில் தோல் வெட்டும் வேலை பார்த்தவர், வயது 27. வாசலை நோக்கிப் போனவர் பிரோஃபியைக் கண்டு தீக்குள் திரும்பினார். கோடரியால் வெட்டிப் பார்த்தார், வெறுங்கையால் இழுத்தும் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உடை எரிந்துகொண்டிருந்தது. போய்விடு என்று பிரோஃபி கையசைத்தார். எரியும் உடையோடு நிமிர்ந்து நின்று அவருக்கு சல்யூட் அடித்த பிறகே மைனார்ஸ்கி குதித்தார். பாராசூட்டும் எரிந்தது. கீழே பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. தீக்காயம் சிறிது நேரத்தில் அவரைக் கொன்றது.

பிரோஃபி பிழைத்தது இயற்பியலின் கருணை என்றே எனக்குத் தோன்றுகிறது. தரையில் விழுந்த வேகத்தில் இறக்கை மரத்தில் மோத, விமானம் சுழன்றது. சுழலும் பொருளின் நுனிக்குத்தான் வேகம் அதிகம். வாலில் இருந்த கூண்டு பிய்ந்து, அவரை வெளியே தூக்கி எறிந்தது.

உள்ளே நடந்ததைக் கண்ட ஒரே சாட்சி அவர்தான். அவர் சொன்னதன் பேரில் 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. விமானத்தில் சென்ற ஏழு பேரில் இறந்தவர் மைனார்ஸ்கி ஒருவரே.