‘மாக்’: பழிப்பா, பயிற்சியா?

தேர்தல் நாளில் காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால், ஐந்தரை மணிக்கே வாக்குச்சாவடியில் வேலை தொடங்கிவிடும். கட்சி முகவர்களின் கண்ணெதிரே இயந்திரத்தில் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டுப் பார்ப்பார்கள். எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று சரிபார்த்த பிறகு அத்தனையையும் அழிப்பார்கள். வாக்கைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்துத் தனி உறையில் வைத்து முத்திரையிடுவார்கள். இதற்கு ‘மாக் போல்’ என்று பெயர். தமிழில் மாதிரி வாக்குப்பதிவு.

இதே ‘மாக்’ வகுப்பறையில் வேறு வேலை செய்கிறது. திக்கிப் பேசும் பையனைப் போலவே இன்னொருவன் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். ஆங்கிலத்தில் அதற்கும் இந்தச் சொல்தான். ஒரு இடத்தில் நேர்மைக்குக் காவல் நிற்கும் சொல், இன்னொரு இடத்தில் மனத்தைக் கீறுகிறது.

காட்டுவதும் பழிப்பதும்

15ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பிரெஞ்சில் இன்றும் இதன் மூலச்சொல்லுக்குக் கேலி என்பதே பொருள். ஒருவரைக் கேலி செய்ய எளிய வழி, அவரைப் போலச் செய்து காட்டுவது. அதனால் ஆங்கிலத்தில் ஏளனத்தோடு போலச் செய்தலும் ஒட்டிக்கொண்டது. நாம் ‘பழிப்புக் காட்டாதே’ என்று பிள்ளைகளை அதட்டும்போது இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன: பழிப்பில் ஏளனம், காட்டுவதில் போலச் செய்தல். தமிழில் இந்த முடிச்சு அவிழவில்லை. ஆங்கிலத்திலோ போலச் செய்தல் மட்டும் தனியே பிரிந்து நடக்கத் தொடங்கியது.

வட அமெரிக்காவின் ‘மாக்கிங்பேர்ட்’ மற்றப் பறவைகளின் குரல்களை அப்படியே எழுப்பும். அதில் ஏளனம் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பச்சை ஆமை சூப் பணக்காரர் வீட்டு விருந்து. அது கட்டுப்படியாகாதவர்கள் கன்றின் தலையைக் கொண்டு அதே போல் சமைத்தது ‘மாக் டர்ட்டில்’ சூப். இன்றைய மென்பொருள் பொறியாளர்களும் வங்கியின் உண்மையான கணினியைத் தொடாமல், அதைப் போலப் பதில் சொல்லும் நிரலை வைத்துச் சோதிக்கிறார்கள். அதை அவர்கள் ‘மாக்’ என்றே அழைக்கிறார்கள்.

பெரும்பாலும் வினையாக வந்தால் ஏளனம், பெயருக்கு முன்னால் வந்தால் மாதிரி அல்லது ஒத்திகை. மொழிபெயர்ப்பவர்களுக்கு இது நல்ல வழிகாட்டி. ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது.

1849, பீட்டர்ஸ்பர்க்

ரஷ்யாவின் செமியோனோவ் சதுக்கத்தில், அந்த நாட்டுப் பழைய நாள்காட்டிப்படி டிசம்பர் 22 அன்று, அரசியல் கைதிகளைச் சுட்டுக்கொல்ல நிறுத்தினார்கள். முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினார்கள். அடுத்த மூவரில் ஒருவர், 28 வயது எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. துப்பாக்கிகள் குறிபார்த்து நின்ற கடைசி நொடியில், தண்டனையைக் குறைக்கும் ஜார் மன்னரின் ஆணை வாசிக்கப்பட்டது. அந்த ஆணை முன்கூட்டியே தயாராக இருந்தது. கம்பத்தில் கட்டப்பட்டவர்களில் ஒருவர் சித்தம் கலங்கிப்போனார். தஸ்தயேவ்ஸ்கி சைபீரியச் சிறைக்குப் போனார்.

ஆங்கிலத்தில் இதுவும் ‘மாக்’ மரண தண்டனைதான். இங்கேயும் சொல் பெயருக்கு முன்னால்தான் நிற்கிறது. ஆனால் இதை ‘மாதிரி மரண தண்டனை’, ‘ஒத்திகை’ என்று எழுதினால், அந்தச் சதுக்கத்தில் நின்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். அது சித்திரவதை.

இலக்கணம் காட்டாத வேறுபாட்டை அங்கே இருந்த மனிதர்கள் காட்டுகிறார்கள். இது நிஜமல்ல என்பது வாக்குச்சாவடி முகவர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். சதுக்கத்தில் நின்ற கைதிகளுக்கு அது தெரியாது. எல்லோரும் அறிந்து, ஒப்புக்கொண்டு செய்யும்போதுதான் அது ஒத்திகை. ஒருவரை அவரது ஒப்புதல் இல்லாமல் உள்ளே இழுத்தால் அது கொடுமை. ‘மாக்’ என்ற சொல்லைத் தமிழாக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வகுப்பறையில் பார்க்க வேண்டியதும் இதுவே. “அவனும் சேர்ந்து சிரிக்கத்தானே செய்தான்” என்று நாம் கடந்துபோகிறோம். திக்கிப் பேசும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.